தலையணைக்கு நேரே கொடிகாமம்

ஒல்ரன், சுவிற்சர்லாந்து
14 தை 2024

அக்கா,

எப்பிடிச் சுகம் எண்டு கேட்டுத் தொடங்கினா, அதைக் கேக்க இவ்வளவு மாதம் எடுத்ததோ எண்டு சொல்லுவியள். அதாலை அதை விட்டிட்டு அலுவலுக்கு வாறன்.

போன வருசம் கோயில் பெருநாளுக்கு வந்து, சாப்பாட்டுக் கோப்பையை அரைவாசியிலை வைச்சிட்டு எழும்பிப் போன தம்பிதான் எழுதுறன். போன் எடுத்தா ரெண்டாவது நிமிசம் ரெண்டு பேரும் கத்துவம். அதோடை இது படம் வைச்சுச் செய்யிற வேலை, பேப்பரிலைதான் சரிவரும்.

இதோடை ஒரு படம் அனுப்பியிருக்கிறன். என்ர விளையாட்டுக் கோச்சிப் பாதையின்ர படம், சின்ன ரெயிலும் தண்டவாளமும். விளையாட்டு எண்டு சிரிக்காதையுங்கோ, இங்கை கிழவன்மார் எல்லாரும் இதைத்தான் செய்யினம். இருபத்தெட்டு வருசம் கோச்சிப் பெட்டி கழுவினனான். ஒரு நாளும் ஒண்டை ஓட்டேல்லை. அதுதான் எங்கட பக்கத்துப் பாதையை ஒரு மேசையிலை கட்டினன். யாழ்ப்பாணம், நாவற்குழி, சாவகச்சேரி, சங்கத்தானை, மீசாலை, கொடிகாமம், பளை. தீவாருக்குக் கோச்சி வரேல்லை, நான் கொண்டு வாறன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

இப்ப இருக்கிறது நூற்றறுபதில் ஒரு பங்கு. நிச வண்டியிலை நூற்றறுபது அடி இருந்தா இதிலை ஒரு அடி. அது எனக்கு இனிச் சரிவராது, கண் பத்தாது. எண்பத்தேழில் ஒரு பங்குக்கு மாறப்போறன். அந்தப் படத்தை அதுக்கு ஏற்ற மாதிரிப் பெருப்பிச்சுக் கீறித் தாங்கோ. தீவுப்பகுதியிலை பாதிப்பேருக்கு விகிதம் படிப்பிச்சது நீங்கள். வேறை ஆரிட்டைக் கேக்கிறது?

மேசை நாரந்தனை வீட்டு ஹோலிலை வரும். நான் இந்த வருசத்துக்குள்ளை வருவன். வள்ளம் கட்டுற குருசுமுத்துவைப் பலகை பாக்கச் சொல்லுங்கோ.

தம்பி
அன்ரன்

*

நாரந்தனை
4 மாசி 2024

அன்பின் தம்பி,

படம் வந்தது. நீ அதைச் சுருட்டி அனுப்பிய குழாயைப் பார்த்துவிட்டுத் தபாற்காரர், "ரீச்சர், சுவிசிலையிருந்து துவக்கோ?" என்று கேட்டார். அவர் பார்க்கப் பிரித்துக் காட்டிய பிறகுதான் போனார்.

நான் சுகம். நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

கணக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. நூற்றறுபதை எண்பத்தேழால் பிரித்தால் ஒன்று தசம் எட்டு நான்கு வரும். படத்திலுள்ள ஒவ்வொரு நீளத்தையும் அதால் பெருக்கவேண்டும். ஐந்து பேருக்கு ஒரு தேங்காய் என்றால் பத்துப் பேருக்கு இரண்டு தேங்காய், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை நீ யோசித்திருக்கமாட்டாய். நீளத்தை இரண்டு மடங்காக்கினால் இடம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகும். ஒரு பாயை விரி. அதன் பக்கத்தில் ஒன்று விரி. இரண்டுக்கும் கால்மாட்டில் இன்னும் இரண்டு விரி. அப்போதுதான் இரண்டு மடங்கு நீளமும் இரண்டு மடங்கு அகலமும் வரும். என் வகுப்பில் இதைப் பாய் விரித்துத்தான் காட்டினேன். உன் மேசை இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு என்பதால் இப்போது பிடிக்கும் இடத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பிடிக்கும்.

கடதாசியில் கீறிப் பார்ப்பதைவிட நிலத்தில் கீறிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். கதிரைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஹோல் சீமெந்தில் சோக்கால் முழு அளவிலும் கீறினேன். இரண்டு நாள் பிடித்தது. முழங்கால் இன்னும் நோகிறது. மீன் கொண்டுவந்த குருசுமுத்து வாசலில் நின்றுவிட்டான்.

"இதென்ன ரீச்சர், ஊர்காவற்றுறைக்கு ரயில் விடுறாங்களோ? ரிக்கெற் எங்கை எடுக்கிறது?"

"தம்பியைத்தான் கேக்கவேணும்."

"அவர் மாடி கட்டப்போறன் எண்டவர். இப்ப ஸ்ரேசனோ?"

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு மேற்குச் சுவரிலிருந்து கீறிக்கொண்டே வந்தேன். யாழ்ப்பாணம் வந்தது, சாவகச்சேரி வந்தது, மீசாலை வந்தது. கிழக்குச் சுவரும் வந்துவிட்டது. உன் மேசை முடியவில்லை.

மேசையின் நீளம் பதினாலரை அடி. என் ஹோல் பதினொரு அடி. மிச்சம் மூன்றரை அடியை எங்கே கீறுவது? சுவருக்கு மறுபக்கம் போய்க் கீறினேன். மறுபக்கம் என் அறை. தம்பி, என் கட்டில் கிடக்கும் இடத்தில் கொடிகாமம் ஸ்ரேசன் வருகிறது. தலையணைக்கு நேரே கொடிகாமச் சந்தை. பளை அலுமாரிக்குள்.

நீ மேசைக்கு முன்னால் நிற்கும் இடத்தை ஒரு வட்டம் போட்டு "நான்" என்று எழுதியிருந்தாய். அதையும் பெருக்கினேன். மூன்றரை அடிக்கு மேல் வருகிறது. இந்த வீட்டில் நிற்பதற்கு அவ்வளவு இடம் இதுவரை ஒருவரும் எடுத்ததில்லை, உன் அத்தான்கூட.

சிரிப்பாக எழுதத்தான் தொடங்கினேன். கட்டிலின் காலடியில் சோக்கோடு குந்தியிருந்தபோது சிரிப்புப் போய்விட்டது. பெருநாளன்று இவ்வளவு சனத்துக்கு நடுவில் நீ சொன்னது, "இது எங்கட வீடு, மேலை ஒரு மாடி போடப்போறன்." நான் கேட்டது, "சீதன உறுதியிலை உன்ர பேர் எந்த வரியிலை கிடக்குது?" அப்படிக் கேட்டது கூடிப்போனதுதான். ஆனால் இப்போது இந்தப் படத்தைப் பார்த்தால், வாயால் கேட்க முடியாததைச் சோக்கால் கேட்கிறாயோ என்று நினைக்கிறேன்.

என் அறை உனக்கு வேண்டுமா? நேராக எழுது.

அக்கா
ஞானசவுந்தரி

*

ஒல்ரன்
20 மாசி 2024

அக்கா,

உங்கட கடிதத்தை வேலைக்குப் போற பஸ்ஸிலை வாசிச்சன், இறங்கிற இடத்தைத் தாண்டிப் போட்டன்.

உங்கட அறை ஆருக்கு வேணும்? நான் பெருக்கிப் பாக்கேல்லை. பெருக்கிப் பாக்கத்தானே உங்களுக்கு அனுப்பினனான். என்ர மனசிலை இருந்தது ஐயா கட்டின ஹோல். அதிலை பதினாலு அடி என்ன, இருபது அடி மேசை போடலாம். அது சண்டையிலை போனதும், வீட்டுத்திட்டத்திலை நீங்கள் சின்னதாய்த் திருப்பிக் கட்டினதும் எனக்குத் தெரியும். வந்து பாத்தனான்தானே. ஆனா "நாரந்தனை ஹோல்" எண்டு நினைச்சா எனக்குப் பழசுதான் வருது. இது குற்றமோ?

சரி, இப்ப விசயம் தெரிஞ்சு போச்சு. அதுக்கு வழியும் கிடக்குது. அது நாலங்குலக் கல்லுச் சுவர். கூரையைத் தாங்கேல்லை. குருசுமுத்துவும் இன்னொராளும் நிண்டா ஒரு நாள் வேலை. பின்பக்கம் வேலிப்பக்கமா உங்களுக்குப் பெரிய அறை ஒண்டு கட்டித் தாறன், உள்ளுக்கு பாத்ரூமோடை. இப்ப இருக்கிறதைவிட நல்லாயிருக்கும். நீங்கள் ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்.

இன்னொண்டு. நான் சின்ன வண்டிகளை வித்துப்போட்டன். பெரிசுகளை வாங்கிப் பெட்டியிலை அடுக்கிக் கப்பலுக்குக் குடுத்தாச்சு. இனித் திருப்ப ஏலாது. அதாலை கெதியாய் எழுதுங்கோ. எனக்கு இங்கை ஒரு இடத்திலை இருக்க முடியேல்லை, வீட்டுக்குள்ளை நடந்துகொண்டு திரியிறன். கீழ்வீட்டுக்காரி வந்து கதவிலை தட்டி, என்ன தேடுறீர் எண்டு கேக்கிறாள்.

அன்ரன்

*

நாரந்தனை
9 பங்குனி 2024

அன்ரனுக்கு,

சுவர் உடையாது.

நாலங்குலம் என்று எழுதியிருந்தீர். சரியான அளவு. நானும் அளந்திருக்கிறேன். தீவை விட்டு ஓடிய நாளிலிருந்து இந்த வீடு கட்டும்வரை நானும் உம்முடைய அத்தானும் எத்தனை பேருடைய வீடுகளில் இருந்தோம் என்று உமக்குத் தெரியாது. பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். ஒரு கோயிலின் பக்கத்து மண்டபத்தில் சாறி கட்டி மறைத்துக்கொண்டு உடுப்பு மாற்றினேன். மறுபக்கத்தில் என்னிடம் படித்த பெடியன்கள் படுத்திருந்தார்கள். காலையில் அவர்களுக்குத்தான் நான் கணக்குப் படிப்பிக்கவேண்டும். இந்த வீட்டைக் கட்டும்போது ஹோல் சின்னனாகும், சுவரை விட்டுவிடுங்கோ என்று மேசன் சொன்னான். நான் விடவில்லை. அந்தச் சுவர் எழும்பி, கதவு பூட்டி, உள்ளே நின்று கொண்டி போட்ட அன்றைக்குத்தான் நான் ஊருக்குத் திரும்பி வந்தேன்.

பின்பக்கத்தில் பெரிய அறை எனக்கு வேண்டாம். உம்முடைய பெட்டி வந்தால் பாதரிடம் கேட்டுக் கோயில் மண்டபத்தில் வைப்பிக்கிறேன்.

படத்தைக் கீறி முடிக்கவில்லை. சோக்கைக் கழுவிவிட்டேன்.

ஞானசவுந்தரி

*

ஒல்ரன்
3 ஆனி 2024

அக்கா,

இதோடை நாலாவது தரம் எழுதுறன். முந்தின மூண்டையும் கிழிச்சுப் போட்டன். எழுத்து விளங்காட்டி மன்னியுங்கோ. ஒரு வரியைத் தொடங்கேக்கை பெரிசாய்த்தான் தொடங்கிறன், முடியேக்கை எறும்பு மாதிரிப் போகுது.

நீர், உம்முடைய எண்டு எழுதியிருந்தியள். சின்ன வயசிலை நீங்கள் என்னை அடிச்சனீங்கள், காதைப் பிடிச்சு முறுக்கினனீங்கள், ஒரு நாளும் நீர் எண்டு சொன்னதில்லை. அந்தக் கடிதத்தை அலுமாரியிலை வைச்சுப் பூட்டிப் போட்டன்.

சுவரைப்பற்றி இனிக் கதைக்கமாட்டன். எனக்கு அது தெரியாது. அந்தக் காலத்திலை நான் போன் எடுத்தா, "நாங்கள் சுகம், நீ உன்னைப் பார்" எண்டுதான் சொல்லுவியள். சாறி கட்டி மறைச்சதை இப்பதான் கேள்விப்படுறன்.

உண்மையைச் சொல்லுறன். கண் இல்லை அக்கா, கை. வலக்கை நடுங்குது. போன வருசம் பெருநாளுக்கு வந்தபோதும் நடுங்கினதுதான். கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சதைப் பாத்துக் குருசுமுத்து, "சுவிஸ்காரர் பொக்கற்றிலை கை வைச்சுத்தான் கதைப்பாரோ" எண்டு நக்கலடிச்சவன். பார்க்கின்சன் எண்டு டொக்டர் சொன்னவர். மருந்து கிடக்குது, நிப்பாட்ட ஏலாது, மெதுவாக்கலாம். சின்ன வண்டிச் சில்லு ஒரு நெல்லளவு. அதைத் தண்டவாளத்திலை வைக்கேக்கை மற்றப் பெட்டி எல்லாம் சரிஞ்சு விழும். பெரிய வண்டியெண்டால் இன்னும் கொஞ்சக் காலம் பிடிக்கலாம் எண்டு நினைச்சன்.

வேலையை விட்டிட்டன். மனிசி றஜனி செத்த பிறகு நான் தனிய எண்டு உங்களுக்குத் தெரியும். மகள் ஜொய்சி நல்ல பிள்ளை, ஆனா அவளின்ர வீடு ரெண்டு அறை. அவள் இங்கை முதியோர் இல்லமொண்டிலை இடம் எடுத்திருக்கிறாள். சுத்தமான இடம். யன்னலாலை தண்டவாளம் தெரியுது. புரட்டாதியிலை வரச் சொல்லியிருக்கினம், அதுக்கு முன்னம் ஒரு சொல்லுச் சொல்லவேணும்.

அக்கான்ர சீதன வீட்டிலை வந்து ஒரு ஓரமா இருக்கட்டோ எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. ஐயா இருந்திருந்தா, பெட்டைக்குக் குடுத்த வீட்டிலை உனக்கென்னடா வேலை எண்டு கேட்டிருப்பார். ஊரும் கேக்கும். அதாலைதான் மேசைக்கு இடம் கேட்டனான். மேசைக்கு இடம் தந்தா, மேசையைப் பாக்க நானும் வரத்தானே வேணும்.

இனி அது வேண்டாம். பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுங்கோ. நான் வரமாட்டன்.

தம்பி
அன்ரன்

*

நாரந்தனை
22 ஆனி 2024

அன்பின் தம்பி,

உன் கடிதம் வந்த அன்று முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை. குசினிக்குப் போனேன், ஏன் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்க் கத்தியை வேலியில் மறந்துவிட்டு வந்தேன்.

உன் கைக்கு வைத்தியம் எனக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதுகிறேன். நான் கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டேன்.

நான் எல்லாவற்றையும் பெருக்கினேன். பெருக்கக்கூடாததையும் பெருக்கினேன். குருசுமுத்து ஒரு வள்ளத்தை இப்போதுள்ளதைவிட இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டுகிறான் என்று வை. அடியில் ஓடும் ஏரா மரத்தைப் பெருக்குவான், பலகையைப் பெருக்குவான், துடுப்பையும் நீளமாக்குவான். ஆனால் துடுப்பின் பிடியை இரண்டு மடங்கு தடிப்பாக்கினால் எவன் பிடிப்பான்? பிடி கைக்குள் அடங்கவேண்டும். கை அதே கைதான்.

வண்டி பெருக்கும். தண்டவாளமும் பெருக்கும். வளைவும் பெருக்கவேண்டும், விட்டால் பெட்டி கவிழும். ஆனால் வண்டியை ஓட்டுகிறவன் பெருக்கமாட்டான். நீ "நான்" என்று எழுதிய வட்டத்தை நான் மூன்றரை அடியாக்கிவிட்டு உன்னில் கோபப்பட்டேன். நீ எங்கே தம்பி பெரிதானாய்?

சோக்கைக் கழுவிவிட்டேன் என்று எழுதினேனல்லவா, திரும்பவும் கீறினேன். குருசுமுத்துவைக் கூப்பிட்டு, கோட்டுக்கு வெளியே நின்று நடுவுக்குக் கையை நீட்டச் சொன்னேன். அவன் நெடுத்த ஆள். எட்டவில்லை. எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, "பளையிலை வண்டி கவிண்டா நான் மேசைக்கு மேலை ஏறிப் படுக்கோணும் ரீச்சர்" என்றான். பழைய ஹோல் இருந்திருந்தாலும் உன் மேசை சரிவந்திராது. நடுப்பகுதிக்கு ஒருவருடைய கையும் போகாது. உன் கை அவனுடையதைவிடக் கட்டை.

ஆகையால் புதிதாக ஒன்று கீறியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது, பார். நடுவில் மேசை இல்லை. மேற்கு, வடக்கு, கிழக்கு, மூன்று சுவர்களோடும் இரண்டடி அகலத்தில் பலகை. இரண்டு அந்தங்களிலும் வண்டி வளைந்து திரும்புவதற்கு மட்டும் மூன்றேகால் அடி. முன்கதவும் என் அறைக்கதவும் தாராளமாகத் திறக்கும். எந்த இடத்தில் வண்டி கவிழ்ந்தாலும் கையை முழுதாக நீட்டாமலே எடுக்கலாம். பலகைக்கு முன்னால் ஒரு விளிம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன், கையை அதில் ஊன்றிக்கொள்ளலாம். ஊன்றினால் நடுக்கம் குறையும் என்று நினைக்கிறேன். பிழையென்றால் சொல்.

வளைவைச் சுருக்க முடியாது, நேர்ப்பாதையைச் சுருக்கலாம். அதனால் ஏழு ஸ்ரேசனுக்கு இடம் இல்லை, நான்குக்குத்தான் இருக்கிறது. யாழ்ப்பாணம், சாவகச்சேரி, கொடிகாமம், பளை. நாவற்குழி, சங்கத்தானை, மீசாலை போகவேண்டும்.

நடுவில் ஏழடிக்கு எட்டடி மிஞ்சுகிறது. அதில் ஒரு கட்டில் போடலாம். அளந்து பார்த்துவிட்டேன்.

பெட்டி போன கிழமை லொறியில் வந்து இறங்கியது. பாதர் வந்து, "மண்டபத்துக்கு எடுப்பமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறேன்.

அக்கா

*

ஒல்ரன்
10 ஆடி 2024

அக்கா,

படம் வந்தது. சுவரிலை ஒட்டியிருக்கிறன். ஜொய்சி பாத்திட்டு, "அப்பா, கட்டிலுக்குச் சுத்தவர ரெயில் ஓடுதா?" எண்டு கேட்டுச் சிரிச்சாள். பிறகு குசினிக்குள்ளை போய் நிண்டு அழுதாள்.

உங்களிலை எனக்குக் கோபம் இல்லை. ஆனா நான் நோயைச் சொன்ன பிறகுதான் கட்டிலுக்கு இடம் வந்தது. பாவம் பாத்துத் தாற இடத்திலை என்னாலை இருக்க ஏலாது. இங்கையெண்டால் சம்பளத்துக்குப் பாப்பினம், ஆருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விசயத்தையும் நீங்கள் அளக்கேல்லை. இப்ப கைதான். பிறகு கால். ஒரு நாள் எழும்ப ஏலாமல் வரும். குளிக்க ஏலாமல் வரும். உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு. என்னைத் தூக்குவியளோ? ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு ஆர் கொண்டு போறது? பொம்பிளை தனிய இருக்கிற வீட்டிலை ஒரு நோயாளியை இறக்கிவிட்டுட்டு, தண்டவாளத்தைப்பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்கிறதோ?

ஒரு நாள் வாறன் எண்டு நினைக்கிறன். அடுத்த நாள் இல்லையெண்டு நினைக்கிறன். இல்லத்துக்காரர் கேட்டுக்கொண்டிருக்கினம். ஜொய்சி ஒண்டும் கேக்கிறாளில்லை, அதுதான் கூடக் கஷ்டம்.

அன்ரன்

*

நாரந்தனை
26 ஆடி 2024

அன்பின் தம்பி,

நீ கேட்டதற்கு விடை என்னிடம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் பின்பக்கத்தில் விடை இருக்கும். பிள்ளைகள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை. உன்னை நான் தூக்கமாட்டேன். என் முழங்காலால் ஒரு வாளி தண்ணீரே தூக்க ஏலாது. அந்த நாள் வரும்போது குருசுமுத்துவையோ வேறு ஒருவரையோ சம்பளத்துக்கு வைக்கத்தான் வேண்டும். அதுவும் போதாத நாள் ஒன்று வந்தால் நீ ஜொய்சியிடம் திரும்பிப் போகத்தான் வேண்டும். இதை நான் ஒளிக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், போய்வரும் ரிக்கெற்றாக எடுத்துக்கொண்டு வா. மார்கழிவரைக்கும் இரு. சரிவரவில்லை என்றால் போ. இல்லத்துக்காரரிடம் தைமாதம் சொல்கிறேன் என்று சொல். அவர்கள் அந்த இடத்தை வைத்திருக்கமாட்டார்கள் என்றால், அது நீ தீர்மானிக்கவேண்டியது. நான் சொல்லமாட்டேன்.

பாவம் பார்ப்பது பற்றி எழுதியிருந்தாய். உண்மையைச் சொன்னால் உன்னை நினைக்க எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க ஏலாது. ஆனால் அதற்காகக் கட்டில் போடவில்லை. போன கிழமை நான் படத்தை மேசையில் விரித்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். குருசுமுத்து வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறுத்து அவன் கேட்டான், "ரீச்சர், ஆரோடை கதைக்கிறியள்?"

"ஒருத்தரோடையும் இல்லை."

"இல்லை, 'உனக்கு ஒண்டும் விளங்காது, வளைவைச் சுருக்க ஏலாதெண்டு எத்தனை தரம் சொல்லுறது' எண்டு ஆருக்கோ பேசிக்கொண்டிருந்தியள்."

உனக்குத்தான் ஏசிப் பேசிக்கொண்டிருந்தேன். அத்தான் செத்த பிறகு இந்த வீட்டுக்குள் நான் ஒருவருக்கும் பேசியதில்லை. ஆட்டுக்குப் பேசுவேன், அது திருப்பிச் சொல்லாது. உன் மேசையோடு மல்லுக்கட்டிய இந்தச் சில மாதங்களில் எனக்குக் கோபம் வந்தது, நித்திரை குறைந்தது, முழங்கால் வீங்கியது. ஆனாலும் காலையில் எழும்பினால் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. இதைப் பாவம் என்று சொல்வதா வேறு என்னவென்று சொல்வதா என்று நீயே யோசி.

ஊர் கேட்கும் என்றாய். கேட்கத் தொடங்கிவிட்டது. கோயிலில் அன்னபூரணம், அவள் சைவமென்றாலும் பெருநாளுக்கு வருவாள், என்னைப் பிடித்து, "தம்பியார் வாறாராம், வீட்டை எழுதிக் குடுக்கப்போறியளோ?" என்று கேட்டாள். "இல்லை, வீடு என்ர. அவருக்கு நடுவிலை ஏழடிக்கு எட்டடி" என்றேன்.

என் அறைக்குள் நீ வரக்கூடாது. பென்சன் எடுத்ததிலிருந்து நான் பின்னேரம் ஒரு மணித்தியாலம் படுப்பேன், அப்போது வண்டி ஓடக்கூடாது. இவை இரண்டும்தான் என் பக்கத்துச் சொல்.

குருசுமுத்து வடக்குச் சுவருக்குப் பலகை கொண்டுவந்து முற்றத்தில் அடுக்கிவிட்டான். ஆவணி நடுவுக்குள் உன்னிடமிருந்து கடிதம் வராவிட்டால் அதை ஆட்டுக்கொட்டிலுக்கு அடிக்கச் சொல்லப்போகிறேன். வீணாக நனையவிட ஏலாது. ஸ்ரேசன் நான்கு என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அந்த அளவுக்கு அறுப்பான்.

அக்கா

*

ஒல்ரன்
6 ஆவணி 2024

அக்கா,

அவனை அறுக்கிற வாளைக் கீழை வைக்கச் சொல்லுங்கோ. ஒண்டும் அறுக்கவேண்டாம்.

நாவற்குழி போகட்டும். சங்கத்தானையும் போகட்டும், அதிலை வண்டி நிக்கிறதே ஒரு நிமிசம். மீசாலையை எடுக்க நான் விடமாட்டன். என்னைக் கேக்காமல் மீசாலையை வெட்டுறியளோ?

மீசாலை ஸ்ரேசனை நான் நெருப்புக்குச்சியாலை செய்தனான். கூரை, வாங்கு, கைவிளக்குக் கொழுவுற ஆணிகூடக் கிடக்குது. கை நடுங்க முன்னம் கடைசியாய்ச் செய்தது அதுதான். மற்றதெல்லாத்தையும் வித்தன், அதை விக்கேல்லை. பழைய அளவிலைதான் கிடக்குது, புது வண்டிக்குப் பக்கத்திலை வைச்சா கோழிக்கூடு மாதிரி இருக்கும் எண்டு நீங்கள் சொல்லுவியள். பக்கத்திலை வைக்கிறதில்லை அக்கா. வடக்குச் சுவரோடை ஒட்டி, பலகையின்ர பின்கரையிலை வைக்கிறது. பாதை அதுக்குப் போகத் தேவையில்லை. முன்னாலை பெரிய வண்டி ஓடேக்கை, சின்ன ஸ்ரேசன் தூரத்திலை நிக்கிறமாதிரித் தெரியும். இங்கை எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை. எல்லாத்தையும் பெருப்பிக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள். இதை எப்பிடி மறந்தியள்?

ரெண்டு பக்கமும் போட்ட ரிக்கெற் எடுத்தாச்சு. 24ஆம் திகதி வந்து இறங்குறன், ஜொய்சி கொழும்பு மட்டும் கூட வாறாள். இல்லத்துக்காரர் இடத்தை வைச்சிருக்க ஏலாதெண்டு சொல்லிப்போட்டினம். சரியெண்டு சொல்லிப்போட்டன். வந்து நிண்டு பாத்து, உங்களோடை ரெண்டு கிழமையிலை கோவிச்சுக்கொண்டு போனாலும் போவன், தெரியாது.

மீசாலையைப் பெட்டியிலை போடேல்லை. மடியிலை வைச்சுக் கொண்டு வாறன். கை நடுங்கும், ஆனா ரெண்டு கையாலையும் பிடிப்பன்.

நான் வருமட்டும் வடக்குச் சுவரிலை ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது. நீங்கள் கீறின கோடு பிழை, அதிலை மீசாலைக்கு இடமில்லை. மிச்சத்தை நேரிலை சண்டை பிடிப்பம்.

தம்பி
அன்ரன்